இளநீல நூல்

குரோசே பின்னல் பழகுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே விலை கூடிய நூல் வாங்கக்கூடாது. முதல் மாதம் பின்னுவதைவிடப் பிரிப்பதுதான் அதிகம். மலிவான அக்ரிலிக் நூல் போதும். என் தம்பி றுஸ்தியின் மனைவி ஜெஸ்லாவுக்கும் அதைத்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

றுஸ்திக்குக் கத்தாரில் வேலை கிடைத்திருந்தது. பெருநாள் முடிந்ததும் இருவரும் போவதாக ஏற்பாடு. நாங்கள் மூவரும் இருந்த அலுவிகாரை வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, என்னை வில்கமுவையில் மூத்த சகோதரர் வீட்டில் விடுவார்களாம். அங்கே எனக்கென்று ஒரு வாய்ப் பேச்சுக்கும் ஆள் கிடையாது. கணவர் தலாக் சொன்ன நாளில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

போகிற இடத்தில் பொழுது போகவேண்டுமே, பின்னல் பழக்கித் தாருங்கள் என்று ஜெஸ்லாதான் கேட்டாள். மாத்தளை டவுனில் பஸீர் நானாவின் கடைக்குக் கூட்டிப்போனேன். எது பருத்தி, எது அக்ரிலிக் என்று கேட்டதற்கு அவர் இரண்டு நுனிகளையும் லைட்டரில் பிடித்துக் காட்டினார். பருத்தி சாம்பலாகி உதிர்ந்தது. மற்றது உருகிச் சொட்டாகி அவர் நகத்தில் ஒட்டிக்கொண்டது. நகத்தை உதறிக்கொண்டே, "இத அடுப்புப் பக்கம் கொண்டுபோக வாணாம்" என்றார். ஜெஸ்லா வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். அந்த உருகும் நூலில் இளநீலமாக நான்கு உருண்டை வாங்கினேன்.

பழகுகிறவர்கள் முதலில் சதுரம்தான் பின்னுவார்கள். அவள் இரண்டு பின்னினாள். மூலை கோணல், ஆனாலும் அவளுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம்.

"மதினி, இத வெச்சு அடுப்புலருந்து தாச்சி எறக்க ஏலுமா?"

"ஏலும். தாராளமா."

நான் சொன்னது அவ்வளவுதான்.

நோன்பு மாதத்தில் அவள் கடைகளுக்கு ரோல்ஸ் பொரித்துக் கொடுப்பாள். அடுப்பில் இரண்டு காது வைத்த பெரிய இரும்புத் தாச்சி நிறைய எண்ணெய் இருக்கும். அதை இறக்கப் பழைய துணிகளைத்தான் எடுப்பாள். அவை அழுக்காக இருந்ததால் ஊறப் போட்டேன். ஒவ்வொரு பின்னேரமும் அடுத்த அறையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு இருப்பேன். சொல்லிவிடுவோம் என்று எழும்புவேன். வில்கமுவை நினைவு வரும், உட்கார்ந்துவிடுவேன்.

பதினேழாம் நோன்பன்று, நோன்பு திறக்கும் மஃரிபுக்குச் சற்று முன்னால் நடந்தது. சூடு பட்டால் யாரென்றாலும் கையை விட்டுவிடுவார்கள். அவளால் விட முடியவில்லை. பிடித்திருந்த சதுரங்களின் நூல் உருகி உள்ளங்கைகளைத் தாச்சியோடு ஒட்டிவிட்டது. எண்ணெய் இரு கைகளிலும் கொட்டியது. "மதினி" என்றுதான் கூப்பிட்டாள். ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினேன். ஒரு கிழமையாகவே வாளியை நிரப்பி அடுப்படியில் வைத்திருந்தேன். உடனே ஊற்றியதால்தான் கை தப்பியது என்று ஆஸ்பத்திரியில் என்னைப் பாராட்டினார்கள்.

றுஸ்தி மட்டும் போனான். ஜெஸ்லாவுக்கு நான்தான் ஊட்டுகிறேன், குளிப்பாட்டுகிறேன், தலை வாரிவிடுகிறேன். நீங்கள் இல்லாவிட்டால் என் கதி என்ன மதினி என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

போன வியாழக்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். இரண்டு மாதத்தில் விரல்கள் மடங்கும், பிறகு தாராளமாகக் கத்தாருக்குப் போகலாம் என்றார். வீட்டுக்கு வந்ததிலிருந்து மறுபடியும் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஜெஸ்லாவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.