உள்ளறையில் தூங்கிய பிள்ளைகள்

குழந்தைகளைத் தூங்க வைப்பதில் எனக்குக் கைராசி உண்டு என்று தாய்மார்கள் சொல்வார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். நான் சரியாகத் தூங்கித்தான் வருஷக்கணக்காகிறது.

குழந்தைகள் காப்பகம் நடத்துவதற்கு அரசாங்கம் விதிகள் வைத்திருக்கிறது. கைக்குழந்தைகள் என்றால் ஓர் ஆயாவுக்கு நான்கு பேர்தான். காய்ச்சல் அடிக்கும் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது. நல்ல விதிகள்தான், எழுதியவரின் பிள்ளையை வீட்டில் யாரோ பார்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரே ஆயா. வாசலில் நின்று கண்ணைக் கசக்கும் தாயைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வராது.

அதனால் அதிகாரி சோதனைக்கு வரும் நாளில் கூடுதல் பிள்ளைகளைப் பாய் அடுக்கும் உள்ளறைக்கு மாற்றிவிடுவோம். அழாமலிருக்க ஆளுக்குக் கொஞ்சம் சளிக்காய்ச்சல் மருந்து. குடித்தால் நன்றாகத் தூக்கம் வரும். இதுவரை ஒன்றும் ஆனதில்லை.

அப்படியொரு சோதனை நாளில்தான் துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண் தன் மகளைக் கொண்டுவந்தாள். "காய்ச்சல் இல்லக்கா, வேணும்னா தொட்டுப் பாருங்க" என்றாள். நெற்றி சுடவில்லை. வாயில் மட்டும் அதே மருந்து வாசனை. வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். லீவு போட்டால் வேலை போய்விடும், அவளும்தான் என்ன செய்வாள். ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டேன்.

அதிகாரி தெருமுனைக்கு வந்துவிட்டார் என்றதும் ஆயா தயங்கினாள். "இந்தப் பாப்பா ஏற்கெனவே குடிச்சிருக்கும்மா. திரும்பவும் குடுக்கவா?"

பிள்ளை அரைத் தூக்கத்தில்தான் இருந்தது. அரைத் தூக்கத்தை நம்ப முடியாது. ஆயாவை முன்னறைக்கு அனுப்பிவிட்டு நானே கொடுத்தேன். சப்புக்கொட்டிக் குடித்தது.

அதிகாரி நல்ல மனிதர். உட்கார்ந்து நிதானமாக டீ குடித்தார். "இவ்வளவு அமைதியான காப்பகத்த நான் பாத்ததே இல்லம்மா" என்றார். அப்போதுதான் உள்ளே மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. எந்தப் பிள்ளை என்று எனக்குத் தெரியும். எழுந்து போய் டேப்பில் ஓடிக்கொண்டிருந்த பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன். திரும்பி வந்து அவருக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.

உரிமத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் கிளம்பிய பிறகு கதவைத் திறந்தேன். அதற்குள் சத்தம் அடங்கியிருந்தது. உரிமம் போயிருந்தால் மற்றப் பிள்ளைகளின் கதி என்ன, யோசித்துப் பாருங்கள்.

எனக்கு அசதியாக இருக்கிறது. அவள் அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். பிள்ளை கடைசிவரை அழவே இல்லை. அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.