குடும்ப வட்டம்

ஸ்டேஷன் டீயே போதும், மேடம். சர்க்கரை கம்மியாக. எனக்கு இனிப்பு பழக்கமில்லை. மாரிக்குத்தான் இனிப்பு வேண்டும். அவள் குடித்த பிறகு கரையாத சர்க்கரை டம்ளரின் அடியில் நிற்கும். அதை விரலால் வழித்துச் சாப்பிடுவாள். நான் திட்டுவேன்.

"நீங்க திட்டினாத்தான்க்கா எனக்குப் பொழுதே விடியுது" என்பாள்.

சந்தனமாரி என்று முழுப்பெயர் சொல்லி நான் அவளைக் கூப்பிட்டதில்லை. நீங்கள் அப்படிச் சொல்லும்போது வேறு யாரையோ சொல்வதுபோல் இருக்கிறது.

நான் ஒரகடத்தில் காருக்குள் போகும் ஒயர்க் கட்டுகளுக்கு டேப் சுற்றுகிற கம்பெனியில் லைன் லீடர். பக்கத்து கிராமத்தில் சொந்த வீடு. கல்யாணம் ஆகி ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்துவிட்டேன். அப்பா அம்மா போன பிறகு கீழே நான் மட்டும். மேலே ஷீட் போட்ட ரூம் ஒன்று. மாரி கோவில்பட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஒருநாள் என் லைனில் மயங்கி விழுந்தாள். அன்று சாயங்காலமே பெட்டியோடு என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மேல் ரூம் அவளுடையது என்று பெயர். தூங்க மட்டும்தான் அங்கே போவாள்.

நீங்கள் கேட்டது அந்த ஆப்பைப் பற்றி.

ஜனவரியில் எங்கள் கம்பெனியில் ஃபேமிலி டே நடக்கும். பாட்டுக் கச்சேரி, பிள்ளைகளுக்கு ராட்டினம், பிரியாணி, வீட்டுக்கு ஒரு ஹாட்பாக்ஸ். முன்பெல்லாம் ஐடி கார்டு காட்டினால் போதும். இந்த வருஷம் ஆப் இருந்தால்தான் கேட்டுக்குள் விடுவோம் என்று ஹெச்.ஆர். சிவசங்கர் சார் சொன்னார். அதில் முகத்தைப் பதிய வேண்டும். கூட வருகிறவர்களின் நம்பரைச் சேர்க்க வேண்டும். அதற்குக் குடும்ப வட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துவிடாமல் இருக்க, வட்டத்தில் உள்ளவர்கள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று மேப்பில் புள்ளி காட்டும்.

பேக்கிங்கில் இருக்கும் ஜோதி மட்டும் கேட்டாள். "ஏன் சார், பிரியாணி துன்றதுக்கு என் ஃபோன்ல கீற நம்பர் எல்லாம் இன்னாத்துக்கு?"

"சேஃப்டிக்குத்தான்மா."

"யாரு சேஃப்டிக்கு? நான் எங்க கீறேன்னு என் வூட்டுக்காரனுக்கே தெரியாது. உங்களுக்கு எதுக்கு சார் அது?"

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். ஜோதி கடைசிவரை ஆப் போடவில்லை. அன்றைக்கு அவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அவள் பிள்ளைகள் கம்பிக்கு வெளியே நின்று ராட்டினத்தைப் பார்த்தன. நான் ஜோதியைத்தான் குறை சொன்னேன். மறைக்க ஒன்றும் இல்லாதவள் எதற்காக மறைக்க வேண்டும் என்று கேட்டேன்.

எங்கள் கம்பெனியில் லைனுக்குள் ஃபோன் கிடையாது. கேட்டில் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஆப் போடுவதற்காக மட்டும் ஒருநாள் எல்லா ஃபோன்களையும் லைன் லீடர்களிடம் தந்தார்கள். வேலை நிற்கக் கூடாது. பெண்கள் ஒரு கையில் டேப்பைப் பிடித்துக்கொண்டு மறு கை விரலால் தங்கள் லாக்கைக் காற்றில் வரைந்து காட்டினார்கள். நான் ஒவ்வொன்றாகத் திறந்து, அது கேட்டதற்கெல்லாம் சரி கொடுத்தேன். இப்போது மட்டுமா எப்போதுமா என்று கேட்டால் எப்போதும். நின்று படித்தால் டார்கெட் போய்விடும்.

தெற்கேயிருந்து வந்த பிள்ளைகளுக்கு இங்கே குடும்பம் ஏது. கூட வேலை செய்கிறவர்களையே சித்தி, அண்ணி என்று சேர்த்துக்கொண்டார்கள். கம்பெனியும் கண்டுகொள்ளவில்லை. மாரி சொன்னாள்: "உங்க நம்பரையே போடுங்கக்கா. எனக்கு இங்க வேற ஆரு இருக்கா?"

உறவு என்ன என்று ஆப் கேட்டது. அக்கா என்று போட்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எனக்கு அடுத்த ஃபோனை எடுக்கத் தோன்றவில்லை.

ஃபேமிலி டே அன்று நானும் அவளும் ஒரே நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு போனோம். கேட்டில் செக்யூரிட்டி பாண்டுரங்கன் அவள் ஃபோனை ஸ்கேன் செய்தார். "மூணு பேருன்னு காட்டுதே. இன்னொருத்தர் எங்கம்மா?" என்றார்.

பின்னாலிருந்து ஒருவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. "அத்தை மவன்க்கா" என்றாள் மாரி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

சக்திகுமார். வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அத்தை மகனும் இல்லை, மாமன் மகனும் இல்லை. அவர்கள் சாதி ஆளும் இல்லை. அவனைக் கெட்டவன் என்று நான் எங்கேயும் சொல்ல மாட்டேன். வரிசையில் நின்று எனக்குப் பிரியாணி வாங்கி வந்து கொடுத்தான். "மாரி எப்பவும் உங்களப் பத்தித்தான்க்கா பேசுவா" என்றான். என்னைப் பற்றி அவனிடம் பேச என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பிரியாணி நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

ஹாட்பாக்ஸ் அன்றைக்கு வரவில்லை. பிறகு தருகிறோம், ஆப்பை அழிக்காதீர்கள் என்றார்கள். மாரி அழிக்கத்தான் பார்த்தாள், சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்று. "கிஃப்ட்டு வர்ற வரிக்கும் இருக்கட்டும்டி" என்று நான்தான் சொன்னேன். அப்போது என் மனதில் ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். சாப்பிட வருவாளா என்று தெரிந்துகொள்ளத்தான் ஆப்பைத் திறந்தேன். அவள் புள்ளி குன்றத்தூர் முருகன் கோயில் மலைமேல் இருந்தது. அதன்மேல் இன்னொரு புள்ளி. ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நின்றன. என் புள்ளி மட்டும் வெகுதூரத்தில், வீட்டில்.

அந்த மேப் மூன்று பேருக்கும் பொது, மேடம். அவர்களும் என்னைப் பார்த்திருக்கலாம். நான் எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன் என்று ஒரு தடவைகூட அவர்கள் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் நெற்றியில் குங்குமத்தோடு வந்தாள்.

"காய்ச்சல் எப்டி கீது?"

"பரவால்லக்கா. மாத்திரை குடுத்துருக்காங்க."

"தோசை ஊத்தட்டுமா?"

"பசிக்கலக்கா."

கோயிலிலிருந்து இறங்கி பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹோட்டலில் அவர்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். காதல்மேல் எனக்குக் கோபமில்லை. பொய்மேல்தான். நான் மாவு ஆட்டி வைத்திருந்தேன்.

லைன் லீடர் என்ற முறையில் ஷிஃப்ட் போடுவது என் கையில் இருந்தது. அவன் காலை ஷிஃப்ட் என்றால் இவளுக்கு மதியம். அவனுக்கு லீவு என்றால் இவளுக்கு வேலை. அவன் ஷிஃப்ட் என்ன என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, புள்ளியே சொல்லிவிடும். மாரி அதைத் தன் நேரம் என்று நினைத்துக்கொண்டாள். "என் ராசி அப்படிக்கா" என்பாள். நான் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்படியும் நடந்துவிட்டது. ஒருநாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரிஜிஸ்டர் பண்ணிட்டோம்க்கா. வாலாஜாபாத்துல வீடு பாத்துருக்கு. உங்கள்ட்ட மட்டுந்தான் சொல்லுதேன். ஊருக்குத் தெரிஞ்சா விட மாட்டாங்க."

"இன்னா பண்ணிடுவாங்க? கொஞ்ச நாள் கோவமா இருப்பாங்க."

"எங்க சித்தப்பா மவ இப்படித்தான் போனா. கூட்டியாந்தாங்க. அடுத்த வாரம் கெணத்துல வழுக்கி விழுந்துட்டான்னாங்க." பிடித்த கையை விட்டாள். "அவளுக்கு நல்லா நீச்சல் தெரியும்க்கா."

இதை நேற்று நீங்கள் கேட்டபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். தெரியும்.

அவள் போன பிறகு மேல் ரூமைப் பெருக்கினேன். ஒரு ஹேர்பின்கூட மிச்சமில்லை. அவ்வளவு சுத்தமாக எடுத்துக்கொண்டு போயிருந்தாள். வேறு இரண்டு பிள்ளைகள் ரூம் கேட்டு வந்தார்கள். இல்லை என்றேன். லைனில் நான் ஆணி அடித்ததுபோல் நிற்க, அவள் டேப் சுற்றிக்கொண்டே தனக்குள் சிரிப்பாள். முன்பு என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. இப்போது யாரையும் பார்க்காமல்.

அவள் அண்ணன் பெருமாள்சாமியின் நம்பர் எனக்கு முன்பே தெரியும். அவளுக்குக் கிடைக்காவிட்டால் என் ஃபோனுக்குத்தான் அடிப்பான். நானே கூப்பிட்டேன். மரியாதையாகத்தான் பேசினான்.

"எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்கம்மா. பாக்கணும், அவ்வளவுதான். அம்மா சாப்பிடாம கெடக்காக."

"என் வாயால சொல்ல மாட்டேம்பா. உன் ஃபோனுக்கு ஒண்ணு வரும். அத்த போட்டுக்கோ."

சொல்ல மாட்டேன் என்று சொன்னேன், சொல்லவும் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டத்தில் இருக்கிற யாரும் புது ஆளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். வட்டம் யாருடையதோ அவர்கள் சரி கொடுக்க வேண்டும். நான் கேட்டேன். மாரி சரி கொடுக்க வேண்டும்.

என் அடுப்படியில் விட்டுப்போன குக்கரை எடுக்க ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். ஃபோனைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டு அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள். வத்தக்குழம்பு ஊற்றினேன்.

"அங்க தண்ணி உப்புக்கா. சோறு மஞ்சளா வருது."

"உன் வூட்டுக்காரன் எதுனா சமைப்பானா?"

"முட்டை பொரிப்பாக. அதுவும் கருகிரும்." வாயில் சோற்றோடு சிரித்தாள்.

அப்பளம் எடுத்து வருகிறேன் என்று கூடத்துக்குப் போனேன். லாக்கை அவள் மாற்றவே இல்லை. ஆப்பில் அண்ணன் பெயர் காத்துக்கொண்டிருந்தது. சரி என்று தொட்டேன். வந்த தகவலை அழித்தேன். திரும்பி வந்து இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

"அப்பளம் எங்கக்கா?" என்றாள்.

மறந்துவிட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே தவறு அதுதான் என்று அப்போது தோன்றியது.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டீர்கள். அவளை ஊருக்குக் கூட்டிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அவன் அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து முட்டை பொரிப்பான். எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. அதில் ஒரு நியாயம் இருந்தது. கிணறு என் ஞாபகத்தில் இருந்ததா என்றால், இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு மற்றதை நினைத்தேன்.

அந்த வியாழக்கிழமை எனக்கு லீவு. நானே போட்டுக்கொண்டது இல்லை, அமைந்தது. மாரிக்கு மதியம் ஷிஃப்ட். காலையில் பல் விளக்கும்போது பார்த்தேன். பெருமாள்சாமியின் புள்ளி விழுப்புரம் தாண்டியிருந்தது. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தேன், மேல்மருவத்தூர். செங்கல்பட்டில் கொஞ்சம் நின்றது, டீ குடித்திருப்பார்கள். பிறகு வாலாஜாபாத் ரோட்டில் திரும்பியது. அந்த மேப் மாரியின் கையிலும் இருந்தது, மேடம். திறந்தால் தன் அண்ணன் வருவது தெரியும். இரண்டு பேரும் அதைத் திறக்கவில்லை. ஒருத்தருக்கு ஒருத்தர் போதும் என்று இருப்பவர்கள் மேப்பை ஏன் பார்க்கப் போகிறார்கள்.

பிறகு மாரி கூப்பிட்டாள். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"அக்கா, எங்கண்ணன் தெரு முக்குல நிக்கான். கூட ரெண்டு பேரு. ஒவ்வொரு வீடாக் கேட்டுக்கிட்டு வாராங்க. எங்க வீட்டுக்காரவுக வேலைக்குப் போயிட்டாக. பின்வாசல் வழியா ஹவுஸ் ஓனர் வீட்டுக்குப் போயிரட்டுமா? அங்க ஆளுக நெறைய இருக்காங்க."

போயிருந்தால் தப்பித்திருப்பாள். நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். ஓனர் வீட்டில் அன்று விசேஷம், கூட்டம் இருந்தது என்று.

"போவாத" என்றேன். "வெளிய வந்தா பாத்துருவான். உள்ள தாப்பாள் போட்டுக்கினு கம்முனு இரு. நான் வந்துகினே கீறேன்."

"சீக்கிரம் வாங்கக்கா."

"தோ, பஸ்ல ஏறிட்டேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. மேப் தெருவரைக்கும்தான் காட்டும், கதவைக் காட்டாது. அண்ணனுடைய புள்ளி கொஞ்ச நேரம் தெருவில் அங்கேயும் இங்கேயும் போனது. பிறகு அவள் புள்ளியின்மேல் வந்து நின்றது. அதன் பிறகு அவனுடையது மட்டும் கிளம்பிப் போனது. நான் அடுப்பை அணைத்தேன். சோறு அடிப்பிடித்திருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். வழி காட்டியது நான். கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னதும் நான். அவளை யாரும் தப்பிக்க விடாமல் பிடித்து வைக்கவில்லை. என் பேச்சு பிடித்து வைத்தது.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். எனக்கு ஃபோன் அடிக்கும் முன் அவள் சக்திகுமாருக்குத்தான் பல தடவை அடித்தாள் என்கிறீர்கள். இருக்கலாம். அவன் ஃபோன் அவன் கம்பெனி கேட்டில் ஒரு பைக்குள் அடித்துக்கொண்டிருந்திருக்கும். எடுத்தது நான். கடைசியாக அவள் பேசியது என்னோடு. அவன் எவ்வளவு அழுதாலும் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாது.