பிளாஸ்டோவிலை வீடு பாக்க வந்த தம்பிக்கு

இருங்கோ தம்பி, இருந்து கதைப்பம். உதென்ன, கேட்டுப்போட்டு நிலத்தைப் பாக்கிறியள்? கேக்கவேண்டியதைத்தானே கேட்டனியள், இந்த வீட்டிலை ஆரும் செத்தவையோ எண்டு. ஊரிலையிருந்து அம்மா கேக்கச் சொன்னவவோ? எங்கை, சேலமோ? ஓம், அம்மாமார் கேப்பினம். நேற்று ஒரு வெள்ளைக்காரச் சோடி வந்தது. பொயிலர் பழசோ எண்டு கேட்டினம், சுவரிலை ஈரம் ஊறுமோ எண்டு கேட்டினம். இந்தக் கேள்வி எங்கட ஆக்களின்ரை வாயிலை மட்டும்தான் வரும்.

சொல்றன், பறக்காதேங்கோ. உங்கட மனுசி ஹம்சினி மேலை அந்தச் சின்ன அறையை ஆறுதலாப் பாக்கட்டும். தொட்டில் வைக்க இடம் காணுமோ எண்டு அளக்கிறாவாக்கும். ஏஜென்ட் பெடியன் வெளியிலை போனும் கையுமா நிக்கிறான், அவன் இப்பத்தைக்கு வரமாட்டான். உண்மையிலை நான் வீட்டிலை நிக்கக்கூடாது. விம்பிள்டனிலை இருக்கிற என்ரை மகள் ஷோபா படிச்சுப் படிச்சுச் சொன்னவ, அம்மா, வாற ஆக்களோடை கண்டதையும் அலம்பிக் காரியத்தைக் கெடுத்துப்போடாதேங்கோ, ஆரும் அப்பிடிக் கேட்டா இல்லையெண்டு ஒரு சொல்லோடை விடுங்கோ எண்டு. ரெண்டு தரம் விலை பேசிக் குழம்பிப்போச்சு. இதுவும் குழம்பினா அவ என்னோடை கதைக்கமாட்டா.

ஆனா வீட்டைப் பற்றிச் சொல்றதெண்டா முதல் ஊரைப் பற்றிச் சொல்லவேணும். நீங்கள் பிளேஸ்டோ எண்டு சொல்றியள், என்ன? நாங்களும் வந்த புதுசிலை அப்பிடித்தான். எழுத்தைப் பாத்தா அப்பிடித்தானே வாசிக்க வரும். இஞ்சை பிறந்து வளந்த ஒருத்தரும் அப்பிடிச் சொல்லாயினம். பிளாஸ்டோ. பஸ்காரனிட்டை நான் பிளேஸ்டோ எண்டு ரிக்கெட் கேட்டா, மகன் லக்‌ஷன் ஆரோ பெத்த பிள்ளை மாதிரி அங்காலை போய் நிப்பான். இருக்கிற இடத்தின்ரை பேரையாவது ஒழுங்காச் சொல்லுங்கோவன் அம்மா எண்டு பேச்சு வேறை. விளையாடுற இடம் எண்டதுதான் அந்தப் பேரின்ரை கருத்தாம். அதுவும் அவன் பள்ளிக்கூடத்திலை கேட்டுக்கொண்டு வந்து சொன்னதுதான்.

பேர்தான் விளையாட்டு. பக்கத்து வீட்டிலை மோறீன் எண்டு ஒரு வயசான மனுசி இருந்தவ, தேப்பன் கப்பல் வாற டொக்கிலை மூட்டை சுமந்தவராம். அவ கதைகதையாச் சொல்லுவா. லண்டன்காரர் நாறுற தொழில் எல்லாத்தையும், எலும்பு அவிக்கிறது, தோல் பதனிடுறது, சவுக்காரம் காய்ச்சிறது, ஆத்துக்கு இங்காலை தள்ளிவிட்டவையாம். காசு அங்காலை, நாத்தம் இங்காலை. உங்கை கிறீன்வே எண்டு வடிவான பேரோடை உயரத்திலை ஒரு நடைபாதை போகுது, பாத்தனியளோ? நல்ல காத்து, பிள்ளையை வண்டிலிலை தள்ளிக்கொண்டு போகலாம். அதுக்குக் கீழை குழாயிலை ஓடுறது முழு லண்டனின்ரையும் கக்கூசுத் தண்ணி. சிரியுங்கோ, சிரியுங்கோ. லக்‌ஷனும் இப்பிடித்தான் விழுந்து விழுந்து சிரிப்பான்.

வாசலிலை நிண்டு பாத்தனியள்தானே, எங்கட வீடும் பக்கத்திலை ரெண்டும் வேறை செங்கல். மற்றதெல்லாம் பழைய மஞ்சள் கல். ஒரு வரிசைக்கு நடுவிலை கல்லு மாறினா, அனேகமா அதிலை குண்டு விழுந்தது எண்டு விளங்கவேணும். உலக யுத்தத்திலை ஜேர்மன்காரன் டொக்குக்கு எண்டு போட்டது. இந்த நிலத்திலை முந்தி இருந்த வீட்டிலை, மோறீனோடை பள்ளிக்கூடம் போன பெட்டை ஒண்டு, தாய் தேப்பனோடை அப்பிடியே முடிஞ்சுதாம். அதைக் கேட்ட நாள் எனக்கு நித்திரை இல்லை. எங்கட சுன்னாகத்திலை குண்டு போடுற பொம்பருக்குப் பயந்து ஓடிவந்து, குண்டு விழுந்த குழிக்கு மேலையே வீடு வாங்கி வைச்சிருக்கிறம் பாருங்கோ. என்ரை மனுசன் ஒண்டும் யோசிக்கேல்லை. விழுந்த இடத்திலை திரும்ப விழாது, நீ படு எண்டார்.

அப்ப உங்கட கேள்விக்கு மறுமொழி வந்திட்டுது எண்டு வைச்சுக்கொள்ளலாம், என்ன? ஓம், அது இந்த வீடு இல்லைத்தான். அது வேறை வீடு. கெட்டிக்காரன் தம்பி நீங்கள்.

பேந்து டொக்கையும் மூடிப்போட்டாங்கள். வெள்ளைக்காரர் கனபேர் எசெக்ஸ் பக்கம் போயிட்டினம், கடைசியா மோறீனும் போயிட்டா. நாங்கள் வந்தம், வங்காளிகள் வந்தினம், கானாக்காரர் வந்தினம், இப்ப நீங்கள் கொம்பியூட்டர் படிச்ச ஆக்கள் வாறியள். முந்தி ஃபுட்போல் மாட்ச் எண்டா ரோட்டு நிறையச் சனம், பாட்டு, வாய்க்கு வந்த தூஷணம் எல்லாம். நான் யன்னலை அடிச்சுச் சாத்துவன். அந்த மைதானத்தை இடிச்சு பிளாட் கட்டிப்போட்டாங்கள். இப்ப அந்தத் தூஷணத்தை ஒருக்கால் கேக்க மாட்டனோ எண்டு கிடக்கு.

ஏன் விக்கிறம் எண்டோ? முழங்கால் வருத்தம், படி ஏற ஏலாது எண்டு ஏஜென்டுக்குச் சொன்னது. பொய். என்ரை முழங்காலுக்கு ஒண்டுமில்லை. மனுசனாலைதான் மேலை போக ஏலாமல் இருக்கு. அந்தச் சின்ன அறையின்ரை கதவைத் தாண்டித்தானே எங்கட அறைக்குப் போகவேணும். அவர் கீழை, நாங்கள் இருக்கிற இந்தச் செற்றியிலைதான் படுக்கிறார். நீங்கள் வாறியள் எண்டு கேள்விப்பட்டோடனை, லூயிஷாம் சிவன் கோயிலுக்கு எண்டு வெளிக்கிட்டுப் போயிட்டார்.

லக்‌ஷனுக்கு ரத்தத்திலை புற்றுநோய். இருபத்திநாலு வயசு, தம்பி. இனிச் செய்ய ஒண்டுமில்லை எண்டோடனை, எங்கை இருக்க விருப்பம் எண்டு டொக்டர் அவனைத்தான் கேட்டவர். எங்களைக் கேக்கேல்லை. கடைசிக் காலத்திலை வைச்சுப் பாக்கிற ஒரு நல்ல இடமும் காட்டினவை, தோட்டமும் குருவியளுமா, சரியான அமைதி. அவன் மாட்டன் எண்டிட்டான். இஞ்சை எல்லாரும் என்னோடை மெல்லமாக் கதைக்கினம் அம்மா, வீட்டை போவம், எங்கட ரோட்டிலை சனம் கத்துறது எனக்குக் கேக்கவேணும். அப்பிடித்தான் சொன்னவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். யன்னல் திறந்து கிடந்தது. கீழை ரெண்டு பேர் கார் விடுற இடத்துக்குச் சண்டை. அவன் அதைக் கேட்டுச் சிரிச்சுக்கொண்டு கிடந்தான். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவம் எண்டு கீழை இறங்கினனான். அவ்வளவுதான்.

ஓம், அந்த அறைதான். அந்த யன்னல்தான். நீங்கள் சேலத்துக்குப் போன் எடுத்து ஒருத்தரும் சாகேல்லையாம் எண்டு சொல்றதெண்டாச் சொல்லுங்கோ, நான் குறுக்கை வரமாட்டன். ஷோபா சொன்னபடி நானும் தனிய நிண்டு சொல்லிப் பழகிப் பாத்தனான். வாயிலை வருதில்லை. இஞ்சை ஒருத்தரும் சாகேல்லை எண்டு சொன்னா, இஞ்சை அப்பிடி ஒரு பிள்ளை இருக்கவே இல்லை எண்டு சொல்ற மாதிரிக் கிடக்கு. பெத்தவளாலை அது ஏலாது.

உங்கட அவ இறங்கி வாறா. அவவுக்குக் கையைக் குடுங்கோ தம்பி, அந்தக் கடைசிப் படி கொஞ்சம் உயரம். முகத்தைப் பாருங்கோ, அறை பிடிச்சுப்போச்சு அவவுக்கு. நீங்கள் சொல்றியளோ, நான் சொல்லட்டோ?