பச்சை குத்திய பெயரும் என் மகளின் காதும்

முழங்கையில் சொரியாசிஸ் இருக்கும் குழந்தைக்குக் காது குத்தலாமா? தாராபுரம் பேருந்தில் ஒரு பேச்சைக் கேட்டதிலிருந்து யோசிக்கிறேன், பதில் தெரியவில்லை.

முன் இருக்கையில் பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள்.

"ஏனுங்கக்கா, கையெல்லாம் நல்லாத்தான் இருக்குது. பச்சை குத்துன உங்க ஊட்டுக்கார மாமன் பேரு மட்டும் எப்படிங்க செதில் செதிலா உரியுது?" என்றாள் இளையவள்.

"எனக்குத் தலையில சொரியாசிஸ் இருக்குதல்ல கண்ணு. பச்சை குத்தவும், ஊசி பட்ட எடத்துலயும் வந்துருச்சு."

"அந்தப் புண்ணு அப்பவே ஆறிப்போச்சுங்களே?"

"புண்ணை ஆத்தறதுக்கு உடம்பு ஆள் அனுப்புமாம். என்ற உடம்புல மட்டும், வந்த ஆளுக வேலை முடிஞ்சும் போறதில்லைன்னு டாக்டர் சொன்னாரு."

"ஓவர்டைம் பாக்குதுங்களாக்கும். மாமன் என்ன சொன்னாருங்க?"

"என்ற பேரு உனக்கு ஒத்துக்கலையான்னு மொகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டாரு."

"அவரு பேரு ஏழெழுத்துங்கக்கா. சின்னப் பேரா இருந்திருந்தா கொஞ்சத்தோட போயிருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். நான் மடியில் தூங்கிய மகளின் காதுமடலைத் தொட்டுப் பார்த்தேன்.

அவளுடைய தாய்மாமன் காதுகுத்துக்குத் தோடு வாங்கிவிட்டார். சொந்தங்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. எங்கள் மருத்துவரோ, "குத்திய இடத்திலும் வரலாம், வராமலும் போகலாம்" என்கிறார்.

இப்படிப்பட்ட குழந்தைக்குக் காது குத்திய தாய்மார்கள் இருந்தால், குத்திய இடம் எப்படி ஆறியது என்று தயவுசெய்து எழுதுங்கள். அதுவரை தோடு பெட்டியிலேயே இருக்கட்டும்.