தழும்போடு ஒரு சாட்சி

— சால்வைய எங்க விட்டுட்டு வந்த? பாஸ்டரம்மா குடுத்ததாச்சே அது.

— மேடையிலயே கெடக்கும். நீங்க மொதல்ல அந்த மெஷின அமத்துங்களேன், காது அடைக்கிது.

— அமத்த முடியாது தாயே. அத்தனையும் ஆஸ்பத்திரி பெட்ஷீட்டு, சாயங்காலத்துக்குள்ள போயாகணும். அங்க நிக்காத, ஆவி அடிக்கும். இந்தப் பக்கம் வா. இந்த ரெண்டு முனையப் புடி, மடிச்சிக்கிட்டே சொல்லு. சபையில சாட்சி சொன்னியா?

— சொன்னேன்.

— அய்யா சொல்லிக் குடுத்த மாதிரியே?

— இல்லங்க. ஏன் நிறுத்திட்டீங்க? மடிங்க.

— கட்டின புருஷன் நேத்து அவ்வளவு சொன்னேனே. ரெண்டே நிமிஷம், பாஸ்டரய்யா சொன்னதச் சொல்லிட்டு எறங்கி வந்துடுன்னு. நாம குடியிருக்கறது சபை வீடு. இந்த லாண்டரி வேலையும் அவர் சொல்லித்தான் கெடச்சிது. எல்லாம் மறந்துபோச்சா?

— எதையும் மறக்கல. கேளுங்க, வரிசையாச் சொல்றேன். ஆராதனை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பாஸ்டரம்மா என்னத் தனியாக் கூப்பிட்டாங்க. அவங்க கையாலயே சால்வையக் கழுத்தச் சுத்திப் போட்டு, தழும்பு தெரியுதான்னு ரெண்டு பக்கமும் பாத்தாங்க. கழுத்துல கட்டி இருந்திச்சு, அய்யா ஜெபம் பண்ணார், கரைஞ்சிடுச்சு. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. ஆப்பரேஷன்னு வாயத் தெறந்தா ஜனங்களோட விசுவாசம் ஆட்டங்கண்டுடும்னு அய்யா சொல்லி அனுப்பினாராம்.

— சரி, அது தெரிஞ்ச கதை. மேல சொல்லு.

— நானும் சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் போனேங்க, சத்தியமா. உங்க மொகம்தான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. ஆனா பாட்டு ஆரம்பிச்சப்ப எனக்குப் பாட வரல. வாய் அசையிது, சத்தம் வரல. பக்கத்துல எல்லாரும் கையத் தூக்கிட்டுக் கண்ணீரோட பாடறாங்க. நான் மட்டும் திருட்டுச் சாமானை மடியில வச்சிருக்கறவ மாதிரி நிக்கறேன். சால்வைக்குள்ள வேற வேர்த்து ஊத்துது.

— முனைய ஒழுங்காப் புடி, தரையில படுது.

— அப்பறம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க, மேடையேறிட்டேன். மைக்கப் புடிச்சதும் எனக்கு ஆப்பரேஷன் தியேட்டர்தான் ஞாபகம் வந்துச்சு. மயக்க ஊசி போடறதுக்கு முன்னாடி அந்த டாக்டரு என்னப் பாத்து, பயமா இருக்கான்னு கேட்டாரே, சொல்லியிருக்கேன்ல. ஆமாங்க டாக்டர், மனசுக்குள்ள ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன்னு சொன்னேன். அப்படின்னா எனக்கும் சேத்துப் பண்ணும்மான்னார். அந்த மனுஷனை நான் எப்படிங்க இல்லாம ஆக்கறது?

— அதனால?

— அதனால சால்வைய எடுத்துட்டேன்.

— மேடையில? அத்தனை பேரு முன்னாடியா?

— அத்தனை பேரு முன்னாடி. கர்த்தர் என்னக் காப்பாத்தினார், ஒரு டாக்டரோட கையால காப்பாத்தினார், இதோ அந்தத் தழும்புன்னு சொன்னேன். அய்யா தெனம் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணதையும் சொன்னேன். அதுதான் எனக்குத் தெம்புன்னும் சொன்னேன், பொய்யில்லையே அது. அதோட, இன்னைக்கும் காலையில மாத்திரை போட்டுட்டுத்தான் வந்தேன், உயிரோட இருக்கறவரைக்கும் போடணும்னு சொன்னேன். கடைசியா ஒண்ணு, தானா வந்துச்சு வாயில. அவர் எனக்குச் செஞ்சத மறைச்சிட்டு அவரையே நான் துதிச்சா, அந்தத் துதி அவருக்கு எதுக்குன்னு கேட்டேன்.

— ஜனங்க?

— ஒரு ஆமென் கெடையாது. அய்யா நாற்காலியில தலையக் குனிஞ்சு உக்காந்திருக்கார். நான் எறங்கி வந்து பெஞ்சுல உக்காந்தேன்.

— போச்சு. சரி விடு. வீட்டக் காலி பண்ணச் சொன்னா, இதோ இந்தத் துணி வண்டியிலயே சாமானை ஏத்திக்கலாம். சக்கரம் நல்லாத்தான் உருளுது.

— சிரிக்கிறீங்களா, அழுறீங்களா?

— எனக்கே தெரியல. நான் சொல்லட்டுமா, அன்னைக்கு தியேட்டர் வாசல்ல நீ வெளிய வர்ற வரைக்கும் நான் உக்காந்திருந்தேனே, அந்த ஆப்பரேஷனையே நேத்து நான் உன்ன மறைக்கச் சொன்னேன். ராத்திரி முழுக்க அது நெஞ்சுல முள்ளா உறுத்திட்டே இருந்துச்சு. இப்ப நீ சொன்னதும் எடுத்துப் போட்ட மாதிரி இருக்கு. வீடு போனாப் போகுது.

— இன்னும் முடியலங்க.

— இன்னும் என்ன?

— ஆராதனை முடிஞ்சதும் நம்ம சபை டீச்சரக்கா ஓடி வந்து என் கையப் புடிச்சிக்கிட்டாங்க. சக்கரை மாத்திரைய நிறுத்தி வச்சிருக்காங்களாம், மாத்திரை போட்டா விசுவாசமில்லன்னு ஆயிடுமோன்னு பயந்து. இன்னைக்கே வீட்டுக்குப் போனதும் மறுபடி ஆரம்பிக்கறேன்னு சொல்லி அழுதாங்க.

— அந்த ஒண்ணு போதும். அடுத்த பெட்ஷீட்ட எடு.

— அப்பறம் அய்யா என்ன உள்ரூமுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

— அதான பாத்தேன். என்ன சொன்னாரு? மறைக்காமச் சொல்லு, எதுன்னாலும் தாங்கிக்கறேன்.

— போனேன். பாஸ்டரம்மாவும் இருந்தாங்க, மொகம் கடுகடுன்னு இருந்துச்சு. அய்யா கதவச் சாத்தினார். நானே ஆரம்பிச்சேன். உங்க பேச்ச மீறணும்னு பண்ணலய்யா, வீட்டக் காலி பண்ணணும்னா பண்ணிடறோம்னு சொன்னேன்.

— நீயே எடுத்துக் குடுத்தியா? நல்லா இருக்கு. அதுக்கு?

— வீடு உங்களுது, அந்தப் பேச்சே வேண்டாம்மான்னார். அவர் குரலே வேற மாதிரி இருந்துச்சு. உக்காருன்னார். ஆப்பரேஷன் முடிஞ்சு எத்தனை நாள்ல பேச முடிஞ்சுதுன்னு கேட்டார். எனக்கு ஒண்ணும் புரியல. மறுநாளே பேசினேன்னு சொன்னேன். பிரசங்கம் பண்ற அளவுக்குக் குரல் திரும்புமான்னு கேட்டார்.

— பிரசங்கமா? யாரு பண்ணப் போறா?

— நானும் அப்படித்தாங்க முழிச்சேன். அவர் சட்டைக் காலர் பொத்தானக் கழட்டி, கொஞ்சம் இறக்கிக் காட்டினார். எனக்கு இருந்த அதே எடத்துல கட்டி, எனக்கு இருந்ததவிடப் பெரிசு. பாஸ்டரம்மா சுவத்தப் புடிச்சிக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க, அவங்களுக்கே தெரியாது. "ஜெபத்துலயே இது கரைஞ்சிடும்னு எனக்குத் தெம்பு வரணும்னுதான் உன்ன அப்படிச் சாட்சி சொல்லச் சொன்னேம்மா, சபைக்காக இல்ல. நாளைக்குக் காலையில அந்த டாக்டர்கிட்ட என்னக் கூட்டிட்டுப் போறியா?"ன்னு கேட்டார்.