எலுமிச்சம்பழத்தில் ஏறாத கார்

புந்தோங் போகும் பஸ் எட்டு நிமிடம் தாமதமாக வந்தது. பதினேழு பேர் இருந்தோம். எனக்கு முன் இருக்கையில் மெக்கானிக் ஒருவரிடம் ஓர் இளைஞன் முறையிட்டுக்கொண்டிருந்தான்.

“புதுசா வாங்குன பழைய காருக்கு நேத்து பூசை அண்ணே. சக்கரத்துக்கு ஒண்ணா எலுமிச்சம்பழம் வச்சோம். இஞ்சின் கத்துது, கார் ஏறவே இல்ல. சகுனம் சரியில்ல, வித்துடுன்னு மாமியார் அங்கயே சொல்லிட்டாங்க.”

“ஆட்டோ கியரா? யாருகிட்ட வாங்குன?”

“ரேஸ் ஓட்டுறவன்கிட்ட.”

“அதான்லா! இஞ்சின் சுத்துறத எண்ணெய் வழியா கியருக்குக் கொடுக்குறது கன்வெர்ட்டர். அவன் ரேஸுக்குன்னு வேற ஒண்ணு மாட்டியிருப்பான். நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்து வந்தாத்தான் அது பிடிக்கும். மெல்ல மிதிச்சா எண்ணெய் மட்டும் சுத்தும். அழுத்தி மிதிச்சா பாஞ்சிரும்.”

“அவங்க சொன்னதும் அழுத்தி மிதிச்சேன் அண்ணே.”

“பழம் நசுங்குச்சா?”

“நாலும். எதிர்ல நிறுத்தியிருந்த பூசாரியோட சைக்கிளும்.”

மெக்கானிக் இரண்டு நிறுத்தம் வரை சிரித்தார்.

“அப்ப காரை வித்தாகணும்.”

“எங்க விக்கிறது? திருஷ்டியெல்லாம் சைக்கிளோட போயிருச்சாம். இனி வித்தா வீட்டுப்பக்கமே வராதேங்கறாங்க மாமியார்.”