உள்ளங்கையால் மறைத்துப் படித்தவர்

இத்தனை காலம் வாய் மூடிக் கிடந்தது போதும்.

மேடையில் மெத்தை நாற்காலிகளில் வீற்றிருந்த பெரியோர்களே, இடமில்லாமல் சுவரோரம் நின்றே கேட்ட அச்சுக்கூடத் தோழர்களே, முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் அமர்ந்திருந்த அண்ணி அவர்களே, வணக்கம். நேற்றைய இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேச அழைக்கவில்லை. அழைத்தால் என்ன பேசுவேன் என்று முதலாளிக்குத் தெரியும். அதை இங்கே எழுதுகிறேன்.

நம் வார இதழின் துணை ஆசிரியர், 'முதல்வரி' என்று நாமெல்லாம் அழைத்த அந்தப் பெரியவர் போய்விட்டார். எப்பேர்ப்பட்ட மனிதர்! எவ்வளவு எரிச்சலூட்டிய மனிதர்!

கட்டுரையைக் கொண்டுபோய் நீட்டினால் என்ன செய்வார்? முதல் பத்தியை உள்ளங்கையால் மூடிவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து படிப்பார்.

"தொண்டையைச் செருமினது போதும்பா. பேச்சு எங்க ஆரம்பிக்குதுன்னு பார்க்கிறேன்."

மேற்படிப்புப் படித்தவன் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஒரு மருத்துவமனையைப் பற்றி எழுதினேன். 'மனித வாழ்வில் மருத்துவமனைகளின் பங்கு இன்றியமையாதது' என்று தொடங்கினேன். அச்சில் வந்தபோது அது இல்லை. 'நான்காம் மாடியில் இறந்தவரைப் படிக்கட்டு வழியாகத் தூக்கி இறக்கினார்கள்; லிஃப்ட் பழுது என்ற அட்டை அவர் உள்ளே வந்த நாளிலேயே அங்கே தொங்கியது' என்று இருந்தது. அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? என் கட்டுரையின் அடிவயிற்றிலிருந்து! விவரம் முழுக்க நான் சேகரித்தது. எது கதவு, எது கொல்லைப்புறம் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. சண்டைக்குப் போனேன்.

"உன் சொத்தைத்தானேய்யா எடுத்து முன்னால வெச்சேன்? அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிறே?"

அந்தக் கோபம் எனக்கு இன்றும் முழுதாக ஆறவில்லை.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. திருத்திய முதல் வாக்கியத்தை வீட்டுக்குப் போன் போட்டுத் தம் மனைவிக்கு, அதாவது நம் அண்ணிக்குப் படிப்பார். படித்ததும் வைத்துவிடுவார். அண்ணி உடனே திரும்பக் கூப்பிட்டு மணி அடித்தால் அந்த வாக்கியம் அச்சுக்குப் போகும்.

"பாதியில வெச்சா என்ன அர்த்தம்? அடுப்புல குழம்பு கருகுது. அந்தாளு பிழைச்சானா இல்லையா, சொல்லித் தொலைங்க!"

அண்ணியின் குரல் அறை முழுக்கக் கேட்கும். பெரியவர் முகத்தில் அப்போது வரும் சிரிப்பு இருக்கிறதே! நான் எழுதிய வாக்கியம் ஒன்றுக்கு மணி அடிக்கவேயில்லை. போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க அண்ணி தூங்கிட்டாங்க போலிருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

வாசகரின் கையைப் பிடித்து உள்ளே இழுத்த அத்தனை வாக்கியங்களும் அவருடையவை. அவற்றின் கீழே எங்கள் பெயர்கள் இருந்தன. அவர் ஒருமுறையாவது முகம் சுளித்தாரா? இல்லை.

நேற்று என்ன நடந்தது? 'அவர் எங்கள் வீட்டுப் பிள்ளை' என்று முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மூச்சிலேயே, இதழின் சிறந்த முதல் வாக்கியங்கள் புத்தகமாக வரும் என்றும் தொகுப்பாசிரியர் தம் மாப்பிள்ளை என்றும் அறிவித்தார். கூட்டம் கலைந்தபோது அண்ணி மாப்பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டார்.

"இவர் பேரு எங்க வரும், தம்பி?"

"நன்றியுரையில கண்டிப்பா போட்டுடலாம்மா."

அண்ணி தலையாட்டிவிட்டுப் போனார். நான் தலையாட்ட மாட்டேன். அந்தப் பெயர் புத்தகத்தின் அட்டையில் வரவேண்டும். வராவிட்டால் என் கட்டுரை ஒன்றிலிருந்தும் ஒரு வரி தரமாட்டேன். நண்பர்களே, நீங்களும் தராதீர்கள். இனி என் மேசைக்கு வரும் எந்தக் கட்டுரையும் செருமலோடு அச்சுக்குப் போகாது. இது நான் அவருக்குத் தரும் வாக்கு.

இதை லிஃப்ட் அருகே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போகிறேன். கீழே பெயர் போட்டால் என்ன ஆகும்? 'ஓ, அவனா? அவனுக்கு யாரைத்தான் பிடிக்கும்?' என்று சிரித்துவிட்டு லிஃப்ட் ஏறிவிடுவீர்கள். பேச்சு என்னைப் பற்றியதாகிவிடும். ஆகவே பெயர் போடவில்லை. யார் எழுதியது என்று தேடுகிற நேரத்தில், மேலே போய் மாப்பிள்ளையிடம் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.